சாலையும் ரயிலும் வந்தால் வேலை வருமா? போடியிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: “எங்கள் மாவட்டத்தில் சாலைக்கும் ரயிலுக்கும் கோடிக்கணக்கில் செலவு செய்கிறார்கள். இதனால் வேலைவாய்ப்பு பெருகும், ஊர் வளரும் என்கிறார்கள். நிஜமாகவே அப்படி நடக்குமா? நடந்தால் எந்த வழியில் நடக்கும்?”

நடக்கும். ஆனால் மேடையில் சொல்கிற வழியில் நடப்பது குறைவு. நான் போடிநாயக்கனூர்க்காரன். சாலைத் திட்டங்களுக்காக வண்டிகளை எண்ணிக் கணக்கெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த தேனி மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன். உங்கள் ஊருக்கு எது பொருந்தும் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

எல்லோர் கண்ணுக்கும் முதலில் தெரிவது கட்டுமான வேலை. அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மதுரையிலிருந்து தேனி வரை 75 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்ற 500 கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. அந்த மாதிரிப் பணத்தில் பெரும்பகுதி தண்டவாளம், ஸ்லீப்பர், சிமெண்ட், டீசல், இயந்திர வாடகை என்று வெளியூருக்குப் போகும். முன்பு நூறு பேர் மண் வெட்டிய இடத்தில் இப்போது இரண்டு பொக்லைனும் நாலு டிப்பரும் நிற்கின்றன. ஜல்லி கிரஷர், டிப்பர் ஓட்டுநர்கள், வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறு போடும் மெஸ், வாடகைக்கு விட்ட வீடுகள் என்று ஒரு பங்கு உள்ளூரில் தங்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு அது நல்ல வருமானம்தான். வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடும். “இந்தத் திட்டத்தால் இத்தனை ஆயிரம் வேலை” என்று கட்டுமானக் கூலியை எண்ணிச் சொன்னால், பலனில் மிகச் சின்னப் பங்கைத்தான் எண்ணுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பங்கைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலை நாலரை மணிக்குப் போடியிலோ தேவாரத்திலோ கம்பத்திலோ வந்து நிற்க வேண்டும். இருட்டில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். சேலைக்கு மேல் பழைய ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, மழைக்கு மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள் என்று பெண்கள் வந்து ஏறுவார்கள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் அதைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆள் ஏறுவதும் உண்டு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழியில் மலை ஏறிக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் போவார்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களில் காய் எடுப்பு, களையெடுப்பு, கவாத்து என்று வேலை. சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வந்து, உலை வைத்து, மறுநாள் மறுபடியும் நாலரை மணி.

கீழே கிடைக்கிற விவசாயக் கூலியைவிட மேலே கூலி அதிகம். அதுவும் கீழே வேலை இல்லாத மாதங்களில் மேலே வேலை இருக்கும். ஏலக்காய் ஒரே நாளில் அறுத்து முடிக்கிற பயிர் இல்லை. மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று காய் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சுற்று தப்பினால் காய் பழுத்து, உலர்த்தும்போது வெடித்து, விலை இறங்கிவிடும். ஆகவே தோட்டக்காரருக்குக் கீழிருந்து வரும் கைகள் வேண்டும், கீழே இருப்பவர்களுக்கு மேலே இருக்கும் கூலி வேண்டும். நடுவில் நிற்பது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர மலை. போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகள் இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று தெரியாமலே கிடந்திருக்கும்.

போக்குவரத்துச் செலவு எப்படி வேலையாக மாறுகிறது என்பதன் அடிப்படை இதுதான். ஒரு மனிதர் விடிந்ததும் கிளம்பி, வேலை பார்த்து, பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர முடிகிற தூரம் ஒன்று இருக்கிறது. அந்தத் தூரத்துக்குள் இருக்கும் வேலைகள்தான் அவருக்கு வேலைகள். அதற்கு அப்பால் எத்தனை தொழிற்சாலை இருந்தாலும் அவருக்கு அது செய்தித்தாள் செய்தி. நல்ல சாலை, சரியான நேரத்துக்கு ஒரு வண்டி, கையைக் கடிக்காத கட்டணம் என்ற மூன்றும் சேர்ந்தால் அந்த வட்டம் விரிகிறது. ஒன்று இல்லாவிட்டாலும் சுருங்கிவிடுகிறது. பெண்களுக்கு அந்த வட்டம் இன்னும் சின்னது. காலையில் சமைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்த சற்று நேரத்திலாவது வந்துவிட வேண்டும்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் இதை நேரிலேயே பார்த்தோம். சாலை அப்படியேதான் இருந்தது. எல்லை மூடப்பட்டது, பாஸ் இல்லாமல் போக முடியாது என்றானது. மலையில் ஆள் இல்லாமல் தோட்டங்கள் தவித்தன. கீழே வீட்டுக்கு வீடு கூலி நின்றது. ஏலக்காய் ஏலமும் மார்ச் மாதம் நின்று, மே மாதக் கடைசியில்தான் மறுபடி தொடங்கியது. காகிதத்தில் மாநில எல்லை என்று ஒரு கோடு இருந்தாலும், பிழைப்பு என்று பார்த்தால் போடியும் பூப்பாறையும் ஒரே ஊர் என்பது அந்த ஓரிரு மாதத்தில் எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்து, தொழில் ஓர் ஊரில் வந்து படிவது எப்படி என்பது. போடியில் ஏலக்காய் விளைவதில்லை. ஆனால் ஏலக்காய் வியாபாரத்தில் போடிக்குப் பெரிய பெயர். மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்களில் ஒன்று இடுக்கியின் புற்றடியில், இன்னொன்று போடியில். இதற்குக் காரணம் போக்குவரத்து வரலாறு. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் இந்தப் பக்கமாகத்தான் இறங்கியது. 1902ல் மூணாறு பக்கத்திலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908ல் அதையே இரண்டடி அகல ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கி, கீழே கோட்டகுடிக்குப் பெட்டிகள் இறங்கும். அங்கிருந்து போடிக்கு வண்டிப் பாதை. 1924 பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. 1928ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. மலைச்சரக்கு இறங்கி, எடை போட்டு, வேறு வண்டிக்கு மாறும் இடமாகப் போடி ஆனது.

வண்டி மாறும் இடத்தில்தான் வேலை படியும். சரக்கு இறங்கினால் கிட்டங்கி வேண்டும், கிட்டங்கி இருந்தால் தரம் பிரிக்க ஆள் வேண்டும், வாங்குபவர் தங்க இடம் வேண்டும், கடன் கொடுக்க ஆள் வேண்டும். இன்றும் போடித் தெருக்களில் நடந்தால் திறந்த கதவு வழியாகவே அந்த வாசனை வரும். உள்ளே தரையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் கொட்டிய காயை விரலால் தள்ளித் தள்ளிப் பிரிப்பார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக்காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். மலை ஏற முடியாத வயதில் இருக்கும் பல பெண்களுக்கு இதுதான் வருமானம். கம்பிவடம் போய் நூறு வருடம் ஆகிவிட்டது. அது கொண்டுவந்து சேர்த்த வேலை இன்னும் போகவில்லை.

சரி, அப்படியென்றால் ரயில் நின்றபோது போடி விழுந்திருக்க வேண்டுமே? 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். தேனி வரை ரயில் திரும்பியது 2022 மே 26ல், போடிக்கு 2023 ஜூன் 15ல். பன்னிரண்டு வருடத்துக்கு மேல். ஏலக்காய் வியாபாரம் அதனால் விழவில்லை, காரணம் எளிது. ஏலக்காய் எடை குறைந்த, விலை கூடிய சரக்கு. லாரி வாடகை அதன் விலையில் சின்னப் பகுதி. ரயிலை நம்பியிருந்த காலம் முன்பே முடிந்திருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்குக் கணக்கே வேறு. கூடை கனம், விலை மலிவு, மறுநாள் போய்ச் சேராவிட்டால் கொட்ட வேண்டும். அதற்கு எட்டு மணி நேரப் பயணம் ஆறு மணி நேரமாவது உயிர் போகிற விஷயம். குமுளி, திண்டுக்கல் சாலையில் ஒவ்வொரு நெரிசலும் அந்தக் கூடைக்குத்தான் வலிக்கும். ஆகவே “ரயில் வந்தால் தொழில் வளரும்” என்று பொதுவாகச் சொன்னால் எனக்குத் திருப்தி இல்லை. எந்தச் சரக்கு, எவ்வளவு கனம், எவ்வளவு சீக்கிரம் அழுகும் என்று கேட்ட பிறகுதான் பேச்சே தொடங்க வேண்டும்.

ரயில் நின்றதில் அதிகம் இழந்தவர்கள் பயணிகள். திரும்பி வந்த ரயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2023ல் போடிக்கு வந்தபோது தினசரி ரயில் காலையில் மதுரையிலிருந்து கிளம்பிப் போடி வரும், மாலையில் போடியிலிருந்து மதுரை திரும்பும் என்று நேரம் வைத்தார்கள். மதுரையில் குடியிருந்து தேனியில் வேலை பார்ப்பவருக்கு இது அருமையான வண்டி. போடியில் குடியிருந்து மதுரையில் வேலை பார்க்கவோ, கல்லூரியில் படிக்கவோ, பெரியாஸ்பத்திரிக்குப் போய் அன்றைக்கே திரும்பவோ நினைப்பவருக்கு இந்த நேரம் உதவாது. போட்ட தண்டவாளம் ஒன்று, செலவழித்த கோடி ஒன்று. அதனால் யாருடைய வட்டம் விரிகிறது என்பதை முடிவு செய்வது ஒரு பக்க அட்டவணை. விடியற்காலை போடியிலிருந்து இன்னொரு வண்டி விட ஆகும் செலவு, அந்த 500 கோடிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சாலை, பாலம், தண்டவாளம் பற்றிப் பேசுகிறவர்கள் நேர அட்டவணையைப் பற்றிப் பேசுவது ஏன் இவ்வளவு குறைவு என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்பீர்கள். இரண்டை மட்டும் சொல்கிறேன், இரண்டும் இந்தியாவைப் பற்றியவை.

முதலாவது, 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம். சமவெளியில் 500 பேருக்கு மேல் இருக்கும், சாலையில்லாத குடியிருப்புகளுக்குத் தார்ச்சாலை என்பது இலக்கு. சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற இரு பொருளியலாளர்கள், இந்த மக்கள்தொகை எல்லைக்குச் சற்று மேலே இருந்து சாலை பெற்ற கிராமங்களையும் சற்றுக் கீழே இருந்து பெறாத கிராமங்களையும் ஒப்பிட்டார்கள். சாலை வந்த ஊர்களில் விவசாயக் கூலி வேலையை விட்டு வெளி வேலைக்குப் போனவர்கள் கணிசமாகக் கூடியிருந்தார்கள். ஆனால் ஊருக்குள்ளேயே புதுத் தொழில் முளைத்தது கொஞ்சம்தான். விளைச்சலோ, வருமானமோ, வீட்டில் இருக்கும் சொத்தோ பெரிதாக மாறவில்லை. பலருக்கு இது ஏமாற்றமான முடிவாகத் தோன்றியது. எங்கள் ஊர் ஜீப் வரிசையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கிராமத்துச் சாலை ஊருக்குள் வேலையைக் கொண்டுவருவதைவிட, ஊரிலிருந்து ஆளை வேலைக்குக் கொண்டுபோகிறது. போய்ச் சேரும் இடத்தில் நல்ல வேலை இருந்தால்தான் வீட்டில் பணம் சேரும்.

இரண்டாவது, தங்க நாற்கரச் சாலை. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கிலோமீட்டர். எஜாஸ் கனியும் சக ஆய்வாளர்களும் அதைச் சுற்றி உற்பத்தித் தொழில் எப்படி மாறியது என்று பார்த்தார்கள். சாலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்த மாவட்டங்களில் தொழில் தெளிவாக வளர்ந்தது. 10 முதல் 50 கிலோமீட்டர் தள்ளி இருந்தவற்றில் அப்படி வளரவில்லை. அதாவது பெருஞ்சாலையின் பலன் தானாகப் பக்கத்துக்குக் கசியாது. அதை இழுத்துக்கொண்டு வரக் கிளைச்சாலையும் பேருந்தும் வேண்டும்.

சென்னை பெங்களூரு சாலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998ல் கார் செய்யத் தொடங்கியது. பக்கத்தில் பெருஞ்சாலை, எட்டும் தூரத்தில் துறைமுகம். அப்புறம் உதிரிபாகக் கம்பெனிகள், ஒரகடம், மின்னணுத் தொழிற்சாலைகள். வேலையே வந்து இறங்கிய இடம் அது; தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் அப்படி நடக்காது. ஆனால் அங்கேயும் ஆளைக் கொண்டுவரக் கம்பெனிகள் அதிகாலையில் மாவட்டம் தாண்டிப் பேருந்து அனுப்புகின்றன. பேருந்தும் எட்டாத தூரத்துப் பெண்களுக்கு விடுதி கட்ட வேண்டியிருந்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்க, 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வட்டத்தை விரிக்க முடியாத இடத்தில் வீட்டையே வட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களில் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். இதற்குப் படிப்பு, பள்ளிச் சத்துணவு என்று பல காரணம். ஒரு முக்கியமான காரணம் பேருந்து என்பது என் துணிபு. 1970களில் அரசுடைமையான பேருந்துத் தடங்கள் கிராமம் வரை போயின. 1997ல் மினிபஸ் திட்டம் பெரிய வண்டி போகாத தெருக்களுக்குள் நுழைந்தது. 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. மாநிலத் திட்டக்குழு நடத்திய ஆய்வில், இதனால் பெண்கள் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாகத் தெரிந்தது. மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் வாங்கும் ஒருவருக்கு இது சம்பள உயர்வு. அதைவிட முக்கியம், “இந்தச் சம்பளத்துக்குப் பஸ் காசுக்கே சரியாப் போயிரும்” என்று கைவிட்ட வேலைகள் மறுபடி கைக்கு எட்டுகின்றன. இதை நலத்திட்டம் என்று ஒரு பக்கமும், சாலையை முதலீடு என்று இன்னொரு பக்கமும் பிரித்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் செய்வது ஒரே வேலை.

இழப்பவர்களையும் சொல்லியாக வேண்டும். புறவழிச்சாலை திறந்த மறுநாள் பழைய சாலையோரத்து டீக்கடையில் பால் மிஞ்சும். பஞ்சர் கடைக்கு வண்டி வராது. நல்ல சாலை வெளியூர்ச் சரக்கையும் சுலபமாக உள்ளே கொண்டுவரும். சின்ன ஊர்களில் இருந்த கலர் சோடா கம்பெனிகளும் பிஸ்கட் அடுப்புகளும் போனதில் சாலைக்கும் பங்கு உண்டு. ஊர் முழுவதுமாகப் பார்த்தால் லாபம் இருக்கலாம். ஆனால் இழந்தவரும் லாபம் அடைந்தவரும் ஒரே ஆள் இல்லை. புதுச் சாலைச் சந்திப்பில் பழைய கடைக்காரருக்கு முதலில் இடம் கொடுப்பது பெரிய செலவே இல்லை. நான் பார்த்த வரையில் அதை யாரும் திட்டத்திலேயே எழுதுவதில்லை.

கடைசியாக, என் தொழிலிலிருந்து ஒன்று. ஒரு சாலைக்குப் பணம் போடலாமா என்று முடிவு செய்ய, வண்டிகளின் ஓட்டச் செலவு எவ்வளவு குறையும், பயணிகளின் நேரம் எவ்வளவு மிச்சமாகும் என்று ரூபாயில் கணக்கிடுவார்கள். நம் நாட்டில் வழக்கமாகப் பொருளாதார வருவாய் விகிதம், அதாவது போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு இந்த வகையில் திரும்பும் பலன், 12 விழுக்காட்டைத் தாண்டினால் திட்டம் தேறும். இதில் கார் பயணியின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை, பஸ் பயணியின் ஒரு மணி நேரத்துக்கு அதைவிடக் குறைந்த விலை. சம்பாத்தியத்தை வைத்து நேரத்துக்கு விலை போடுவதால் இப்படி. குறைந்த கூலிக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் சாலை, கணக்கில் எப்போதும் பின்னால்தான் நிற்கும்.

வண்டிகளை எண்ணுவதிலும் இதே கதை. எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றுவோம். பேருந்துக்கும் லாரிக்கும் 3, காருக்கு 1, பைக்குக்கு அரை. சாலையில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதற்கான எண் இது. உள்ளே எத்தனை பேர் என்பது இதில் வராது.

போடிமெட்டு மலையடிவாரத்தில், முந்தல் பக்கம் ஒரு முறை இரவு முழுக்க உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து மணி வாக்கில் ஜீப்புகள் வரத் தொடங்கின. ஒன்றில் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, என் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து, “என்னப்பா எழுதுற, ஆளையா வண்டியையா?” என்று கேட்டார். வண்டியைத்தான் என்றேன். “ஆளையும் எழுதப்பா, பதினெட்டு பேரு” என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் 18 என்று எழுதினேன். அன்று காலை ஏழு மணி வரை போன ஒவ்வொரு ஜீப்புக்குப் பக்கத்திலும் ஓர் எண் எழுதினேன். அலுவலகத்தில் கணினியில் ஏற்றும்போது ஜீப்புக்கு 1 என்று மட்டும் ஏறியது. உங்கள் மாவட்டத்துத் திட்ட அறிக்கை மக்கள் பார்வைக்கு வரும்போது, அந்த 18 எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். காலையில் முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள்.